புஷ்பம் கேட்ட தனி நிரை

"கோவத்துக்கு ஏதாச்சும் மருந்து இருக்குங்களா டாக்டரம்மா?"

போன வாரம் ஒரு சாயங்காலம், எங்கள் குசினி வாசலில் நின்றுகொண்டு இப்படிக் கேட்டவள் அங்கம்மா. தலையில் போட்டிருந்த கம்பளி மழையில் ஊறிச் சொட்டிக்கொண்டிருந்தது. கூடையை லயத்து வீட்டில் இறக்கி வைத்துவிட்டுக்கூட வரவில்லை. மலையிலிருந்து நேரே முதுகுக் கூடையோடு வந்துவிட்டாள்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை. என் வீட்டுக்காரரும் டாக்டர் இல்லை — இந்தத் தோட்டத்து டிஸ்பென்சர். மருந்து கலக்குவார், புண்ணுக்குக் கட்டுப் போடுவார். ஆனால் இங்கே அவர் டாக்டரய்யா. அந்தத் தோஷத்தில் நான் டாக்டரம்மா. இந்தப் பத்தியின் பழைய வாசகர்களுக்கு இது தெரியும். புதிதாகப் படிக்க வந்தவர்கள் யாராவது மூட்டு வலிக்கு மருந்து கேட்டு எனக்கு எழுதிவிடக் கூடாதே என்றுதான் சொல்லி வைக்கிறேன்.

"யாருக்குக் கோவம்? கருப்பையாவுக்கா?" என்று கேட்டேன். கருப்பையா அவள் புருஷன்.

"அவருக்கு மருந்தெல்லாம் கேக்காதுங்க. எம் மகளுக்கு."

மகள் புஷ்பத்துக்குப் பதினைந்து வயது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் அஞ்சாம் வகுப்போடு நின்ற பிள்ளை. இந்தச் சித்திரைக்குப் பிறகுதான் பெயர் பதிந்து, அம்மாவோடு கொழுந்து எடுக்கப் போகிறாள். பார்த்தால் சிரிப்பாள், கேட்டதற்கு மேலேயே பதில் சொல்வாள். அந்தப் பெண்ணுக்கா கோபம்?

"மூணு மாசமாப் பேச மாட்டேங்குது, சிரிக்க மாட்டேங்குதும்மா. சோறு போட்டா பாதியில எந்திரிச்சிருது. ஏன்டின்னா அழுவுது. ஏன்டி அழுவுறன்னா இன்னும் அழுவுது."

இதைப் படிக்கிற அம்மாமார்களில் எத்தனை பேர் இப்போது தலையை ஆட்டுகிறீர்கள்? எனக்குத் தெரியும். என் வீட்டிலும் ஒன்று இருக்கிறதே... ஹட்டனுக்கு ரயிலில் போய்ப் படிக்கிற துரை. போன வருஷம் வரை என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு திரிந்தவன். இப்போது ஏதாவது கேட்டால் அறைக்குள் போய்க் கதவை அடித்துச் சாத்துகிறான். என்ன கோபம், யார்மேல் கோபம் என்று அவனுக்கே தெரியாது. பிறகு பசித்தால் கதவு தானாகத் திறக்கும்.

லயத்துப் பிள்ளை எந்தக் கதவைச் சாத்தும்? ஒரே ஒரு காம்பரா. அடுப்பும் அங்கேதான், படுக்கையும் அங்கேதான், அப்பா, அம்மா, தம்பி, தங்கை எல்லாரும் அங்கேதான். புஷ்பம் கம்பளியைத் தலையோடு இழுத்து மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிடுவாளாம். எழுப்பினாலும் எழும்ப மாட்டாளாம்.

சரி, இந்த வயதில் இதெல்லாம் இருப்பதுதான், கொஞ்ச நாளில் சரியாகிவிடும் என்று சொல்ல வாயெடுத்தேன். அங்கம்மா விடவில்லை.

"அதில்லீங்கம்மா... இன்னைக்குப் பெரட்டுல அத்தன பேருக்கு முன்னால என்னைய வேணாம்னு சொல்லிட்டா."

இந்த இடத்தில், தோட்டம் தெரியாத வாசகர்களுக்காகக் கொஞ்சம் விளக்க வேண்டும். விடியற்காலையில் ஆட்கள் எல்லாரும் கூடி வேலை பிரித்துக்கொள்ளும் இடம் பெரட்டுக் களம். அங்கிருந்து மலைக்குப் போனதும், கங்காணி ஒவ்வொருத்திக்கும் ஒரு நிரை கொடுப்பார். நிரை என்றால் இரண்டு செடி வரிசைகளுக்கு நடுவிலுள்ள பாதை. அவள் அன்றைக்கு அந்த நிரையில்தான் கொழுந்து எடுக்க வேண்டும். புதிதாக வேலைக்கு வரும் பெண்பிள்ளைக்கு அம்மாவின் பக்கத்து நிரைதான். சட்டம் எதுவும் இல்லை, தோட்டத்துத் துரை போட்ட உத்தரவும் இல்லை. மகள் என்றால் அம்மா பக்கத்தில்தான் நிற்பாள். கல்யாணமாகி வேறு தோட்டத்துக்குப் போகும்வரை அப்படித்தான். யாரும் அதைப் பற்றி யோசித்ததுகூடக் கிடையாது.

புஷ்பம் அன்று காலை கங்காணி முன்னால் போய் நின்றிருக்கிறாள். "எனக்கு எங்கம்மா பக்கத்துல நிரை வேணாங்கய்யா. அந்தக் கடைசித் தொங்கல்ல போடுங்க," என்றிருக்கிறாள்.

அவ்வளவுதான். பெரட்டுக் களமே வாயைப் பொத்திக்கொண்டதாம். பிறகு பொத்திய கையை எடுத்துவிட்டுப் பேச ஆரம்பித்தது. தொங்கல் என்றால் மலையின் கோடி. அந்தக் கடைசித் தொங்கலை ஒட்டிய மலையில் இப்போது கவ்வாத்து வெட்டு, அதாவது முற்றிய தேயிலைச் செடிகளைத் தறித்துவிடுகிற வேலை, நடக்கிறது. வெட்டுகிறவர்கள் எல்லாம் இளவட்டங்கள். பிறகென்ன? குமரிப் பிள்ளை அம்மாவை விட்டுத் தள்ளி நிரை கேட்கிறாள் என்றால் அதற்கு ஒரே ஒரு காரணம்தானே இருக்க முடியும்? மத்தியானத்துக்குள் பையன் யார் என்பதற்கே நாலு பெயர் அடிபட்டுவிட்டது.

கருப்பையா அதைவிட வேகம். சாயங்காலத்துக்குள் வலப்பனைப் பக்கம் தோட்டத்தில் இருக்கும் அக்காவுக்கு ஆள் மூலம் சொல்லி அனுப்பிவிட்டார். தையில் கல்யாணமாம். மாப்பிள்ளை அத்தை மகன். புஷ்பம் அவனைச் சின்ன வயதில் ஒரு தடவை திருவிழாவில் பார்த்திருக்கிறாளாம்.

"கல்யாணம் நல்லதுதாங்க. ஆனா என் பக்கத்துல நிக்கவே புடிக்கலன்னு ஏம்மா சொல்லணும்? நான் என்னங்க பண்ணுனேன் அவளுக்கு?" என்று கேட்டுவிட்டு அங்கம்மா வாசற்படியில் உட்கார்ந்து அழுதாள். என் வீட்டுக்காரர் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, ஒரு போத்தல் சிவப்பு டானிக்கை நீட்டினார். எல்லாவற்றுக்கும் அவர் கொடுக்கிற டானிக்தான் அது. அங்கம்மா அதையும் கும்பிட்டு வாங்கிக்கொண்டு போனாள்.

இரண்டு நாள் கழித்துப் புஷ்பமே டிஸ்பென்சரிக்கு வந்தாள். விரல் நுனியெல்லாம் வெடித்து, கறை ஏறி இருந்தது. களிம்பு தடவிக்கொண்டு போகப் பார்த்தாள். விடுவேனா? குசினிக்குக் கூப்பிட்டுப் பலகையைப் போட்டு உட்காரவைத்து, தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். உங்களிடம் மறைப்பதற்கு என்ன இருக்கிறது — எனக்கும் அந்தப் பையன் யார் என்றுதான் தெரிய வேண்டியிருந்தது.

அவள் ஒரு மிடறு குடித்தாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"நீங்களும் அவன் யாருன்னுதான் கேக்கப் போறீங்க."

"நான் எங்கடி கேட்டேன்?"

"சீனி கூடப் போட்டிருக்கீங்களே."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். மூன்று மாதமாகச் சிரிக்காத பிள்ளை என்று அம்மா சொன்னாளே, அந்தப் பிள்ளைதான். சிரித்த வேகத்திலேயே கண் நிறைந்துவிட்டது. நான் எழுந்துபோய் அடுப்பில் இல்லாத தீயை ஊதினேன். பிள்ளைகள் முகத்தைப் பார்த்துக் கேட்டால் சொல்ல மாட்டார்கள். முதுகைக் காட்டினால் சொல்வார்கள். என் மகனிடம் கற்றுக்கொண்டது இது.

"எங்கம்மா என் கூடையில கொழுந்து போடுறாங்கம்மா," என்றாள் என் முதுகைப் பார்த்து.

இதுவா? இதற்கா இத்தனை கலவரம்?

புதிதாகக் கொழுந்து எடுக்க வரும் மகளுக்கு, எல்லாத் தாய்மாரும் போகிற போக்கில் ஒரு கை அள்ளிக் கூடையில் போட்டுவிடுவார்கள். பிள்ளையின் கை பழகும் வரைதான். முதல் இரண்டு வாரம் கங்காணியும் கண்டும் காணாத மாதிரி இருந்துவிடுவார். அதற்குப் பிறகு பிள்ளை எடுக்கிற கொழுந்துதான் பிள்ளையின் கணக்கு. அங்கம்மாவின் கை மட்டும் நிற்கவே இல்லை.

"போடாதம்மான்னு எத்தனையோ தடவ சொல்லிட்டேன். நான் எங்கடி போட்டேன்னு சிரிக்கிறாங்க. பொய் சொல்லலம்மா, அவங்களுக்கே தெரியல. பேசிக்கிட்டே எடுப்பாங்க, பேசிக்கிட்டே போடுவாங்க. கூடை முதுகுலதானே கெடக்கு, எனக்குக் கண்ணுக்குத் தெரியாது. ஆனா விழுறப்ப தெரியும்மா."

"அம்மாதானேடி போடுறா. போட்டா என்ன?"

"நிறுக்கையில கணக்கப்புள்ள ஐயா என்ன சொல்லுறாரு தெரியுமா? அங்கம்மா மகள்னா அங்கம்மா மகள்தான், அம்மா கை அப்படியே இருக்குங்கிறாரு. எல்லாரும் அதையே சொல்லுறாங்க. எனக்கு அப்படியே மண்ணுக்குள்ள போயிரலாம் போல இருக்கும்மா. அது எங் கை இல்ல. எனக்கு எவ்வளவு எடுக்க வரும்னு எனக்கே தெரியாது."

நான் திரும்பிவிட்டேன். அதற்கு மேல் ஊதுவதற்கு அடுப்பு இல்லை.

"இத அந்தப் பெரட்டுலயே சொல்லியிருக்கலாமே, புஷ்பம்? ஊரே உன்னையப் பத்தி என்னென்னமோ பேசுது."

"எப்படிச் சொல்லுறது? சொன்னா அம்மாவைத்தானே ஏசுவாங்க, இத்தன மாசம் களவாப் போட்டியேன்னு? பொறவு அம்மா அழும்." விரலில் இருந்த களிம்பைத் தேய்த்துக்கொண்டாள். "ஊரு பேசுறது பரவால்லம்மா. அது பொய்யின்னு எனக்குத் தெரியும்ல. பாராட்டுறதுதான் தாங்க முடியல."

வாசகர்களே, இந்த வரியை எழுதிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். எத்தனை வருஷமாக இந்தப் பத்தியை எழுதுகிறேன். வளர்கிற பிள்ளைகளைப் பற்றி எத்தனை உபதேசம் செய்திருக்கிறேன். சத்தான சாப்பாடு கொடுங்கள், கெட்ட சகவாசம் பாருங்கள், கண்டிப்பும் வேண்டும் கனிவும் வேண்டும்... எவ்வளவு எழுதியிருப்பேன். ஒரு பிள்ளை சோறு இறங்காமல் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பதற்கு, தனக்குச் சேராத பாராட்டு ஒரு காரணமாக இருக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

இந்த வயதில் பிள்ளைகளுக்கு ஒரு கேள்வி வந்துவிடுகிறது. நான் யார்? அம்மாவின் மகள், அப்பாவின் மகள், இன்னார் வீட்டுப் பிள்ளை — இதையெல்லாம் கழித்தால் மீதி எவ்வளவு? அந்தக் கேள்விக்கு நாம் பதில் சொல்ல முடியாது. ஆனால் நாம் சும்மா இருப்பதில்லையே. ஆசையில், பாசத்தில், அவசரத்தில் நம்முடையதை ஒரு கை அள்ளிப் போட்டுக்கொண்டே இருக்கிறோம். பிள்ளை திமிறினால் திமிர் என்கிறோம். அழுதால் டானிக் கொடுக்கிறோம்.

"அம்மாகிட்ட சொல்லிப்புடாதீங்கம்மா," என்று கேட்டுக்கொண்டாள் புஷ்பம். சரி என்றேன். என் வாய்க்கு அது எவ்வளவு பெரிய தண்டனை என்பது என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். தையில் கல்யாணம் என்று ஒரு பக்கம் பேச்சு ஓடுகிறது. நான் ஒரு வார்த்தை சொன்னால் நின்றுவிடும். ஆனால் அந்த ஒரு வார்த்தையும் நான் அவள் கூடையில் அள்ளிப் போடுகிற கொழுந்துதானே? கஷ்டப்பட்டு அடக்கிக்கொண்டேன்.

கங்காணி நல்ல மனிதர். அல்லது அலுத்துப்போன மனிதர். முதலில் மறுத்தவர்தான். மறுநாள் காலை புஷ்பம் மறுபடியும் போய் நின்றதும், "இந்தா, போய்த் தொல" என்று கடைசித் தொங்கலில் நிரை கொடுத்துவிட்டாராம்.

அன்று சாயங்காலம் கொழுந்து நிறுக்கிற நேரத்துக்கு நான் தராசு இருக்கிற மடுவத்துக்குப் போனேன். எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. பிள்ளை பார்க்கிற ஆயாவிடம் ஏதோ விசாரிக்கிற மாதிரி நின்றுகொண்டேன். கருப்பையாவும் அங்கே இருந்தார். மகள் யாரோடு வருகிறாள், எந்த வழியாக வருகிறாள் என்று பார்க்க வந்து நிற்கிறார் என்று பார்த்தவுடனேயே தெரிந்தது.

பெண்கள் வரிசையாகக் கூடையை இறக்கினார்கள். அங்கம்மாவின் முறை வந்தது. கணக்கப்பிள்ளை தராசைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மறுபடியும் தராசைப் பார்த்தார்.

"என்ன அங்கம்மா, இன்னைக்குப் பேய் மாதிரி எடுத்திருக்க? மகள வெரட்டிவிட்ட சந்தோசமா?"

எல்லாரும் சிரித்தார்கள். அங்கம்மா சிரிக்கவில்லை. "எப்பவும்போலத்தாங்க எடுத்தேன்," என்றாள். அவள் முகத்தில் ஒரு குழப்பம் இருந்தது. கூடையை எடுத்துக்கொண்டு நகராமல் அங்கேயே நின்றாள்.

கடைசியில் புஷ்பம் வந்தாள். தனியாகத்தான் வந்தாள். முழங்காலில் சேறு, கையெல்லாம் கீறல். கூடையைத் தராசில் மாட்டினார்கள். கணக்கப்பிள்ளை முகம் மாறிவிட்டது. அரைப் பேருக்கே இழுத்துப் பிடித்துத்தான் வந்தது. அதாவது அன்றைக்கு அவளுக்கு அரை நாள் வேலைதான் கணக்கு.

"ஏ புள்ள, என்னா இது? நேத்து வர முழுப் பேரு போட்ட கை எங்க போச்சு?" அவர் குரலைத் தாழ்த்தினார். தாழ்த்தியது எல்லாருக்கும் கேட்டது. "பகலெல்லாம் மலையிலதான் இருந்தியா? இல்ல வேற எங்கயாச்சும் இருந்தியா?"

பெண்கள் ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டார்கள். கருப்பையா ஒரு எட்டு முன்னால் வைத்தார்.

புஷ்பம் வாயைத் திறக்கவில்லை. ஒரே ஒரு சொல் போதும், எல்லாப் பழியும் போய்விடும். நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் தலையைக் குனியவும் இல்லை, அழவும் இல்லை. தராசு முள்ளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். சத்தியமாகச் சொல்கிறேன், பழி சுமந்து நிற்கிற பிள்ளையின் முகமாக அது இல்லை. ரொம்ப நாளாகத் தெரிந்துகொள்ள ஆசைப்பட்ட ஒன்றை இப்போதுதான் தெரிந்துகொண்டவளின் முகமாக இருந்தது.

அப்போது அங்கம்மா முன்னால் வந்தாள். மகளின் கூடையைப் பார்த்தாள். தன் கூடையைப் பார்த்தாள். பிறகு தன் வலது கையைத் தூக்கி, அது யாருடைய கையோ என்பதுபோல் பார்த்தாள்.

"அவள ஒண்ணும் கேக்காதீங்கய்யா," என்றாள். "அவ மலையிலதான் இருந்திருப்பா. நாந்தாங்க... இத்தன நாளும் எங் கொழுந்த அவ கூடையில போட்டுக்கிட்டிருந்திருக்கேன். சொன்னாங்கய்யா அவ. போடாதன்னு சொல்லத்தான் செஞ்சா. எனக்குத்தான் தெரியல."

கணக்கப்பிள்ளை ஏசினார். ஏசாமல் இருப்பாரா? கங்காணிக்கும் சேர்த்து விழுந்தது. அங்கம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அத்தனையையும் வாங்கிக்கொண்டாள். இவ்வளவும் நடக்கக் கூடாது என்றுதான் அந்தப் பெண் ஊர் வாயில் விழுந்து கிடந்தாள். இப்போது அம்மா தானாகவே வந்து வாங்கிக்கொள்கிறாள். புஷ்பம் அம்மா பக்கத்தில் போய், ஒட்டிக்கொண்டு நின்றாள். பக்கத்து நிரை வேண்டாம் என்றவள்தான்.

கருப்பையாவுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

"இதுக்கா தனியாப் போன?" என்றார்.

"ஆமாப்பா."

"வாயத் தொறந்து சொல்லித் தொலைய வேண்டியதுதானே?"

"அம்மாவப் பத்தி எப்படிப்பா சொல்லுறது?"

கருப்பையா குனிந்து மகளின் கூடையைத் தூக்கித் தன் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார். ஆண்பிள்ளை கொழுந்துக் கூடையைத் தூக்கிக்கொண்டு லயத்துக்குப் போவதை இந்தத் தோட்டத்தில் நான் அன்றுதான் பார்த்தேன்.

வலப்பனைக்கு மறுபடியும் ஆள் போயிருக்கிறது. இந்தத் தையில் இல்லையாம். கருப்பையா மனம் மாறிவிட்டார் என்றெல்லாம் உங்களுக்குக் கதை சொல்ல மாட்டேன். தள்ளிப் போட்டிருக்கிறார். "முழுப் பேரு ஒண்ணு நானாப் போட்டுட்டுப் பேசுறேன்பா" என்று மகள் சொன்னதற்குச் சரி என்றிருக்கிறார். ஒரு தகப்பன் அவ்வளவு தூரம் இறங்கி வந்ததே எனக்குப் பெரிய காரியமாகப் படுகிறது.

நேற்றும் புஷ்பத்துக்கு அரைப் பேர்தான். ஆனால் சோறு பாதியில் மிஞ்சுவதில்லையாம். படுத்தவுடன் தம்பியோடு சண்டை போடுகிறாளாம். கடைசித் தொங்கலில் நின்று, பக்கத்து மலையில் கவ்வாத்து வெட்டுகிற இளவட்டங்கள் ஏதாவது சொன்னால், திருப்பி நாலு சொல்கிறாளாம். அவர்கள்தான் இப்போது தள்ளி நின்று வெட்டுகிறார்களாம்.

அங்கம்மாதான் பாவம். நேற்று வழியில் பார்த்துக் கேட்டேன், எப்படி இருக்கிறாய் என்று.

"கை தானாப் பக்கத்துல போவுதுங்கம்மா. போயி, கூடை இல்லாம நின்னுருது," என்றாள். பிறகு அவளே சிரித்தாள். "வளத்தேன், சீராட்டுனேன்... எம் மகளுக்கு எவ்வளவு எடுக்க வரும்னு அன்னைக்குத்தாங்க நானும் பாத்தேன். பரவால்லம்மா. நான் மொத நாளு தனியா எடுத்ததவிடக் கூடத்தான்."

பதினைந்து வயதில் ஒரு பெண் தன் கூடையைத் தனியாகத் தராசில் மாட்டிப் பார்த்துவிட்டாள். எனக்கு நாற்பது தாண்டிவிட்டது — இன்னும் அந்தத் தைரியம் வரவில்லை.